எட்டே நாற்காலிகள்: டோக்கியோவின் இரவு எப்படி இப்படி ஆனது

1945 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானியச் சக்கரவர்த்தி வானொலியில் பேசி, நாடு போரில் சரணடைவதை அறிவித்தார். ஐந்தே நாளில், ஆகஸ்ட் 20 அன்று, டோக்கியோவின் ஷின்ஜுகு ரயில் நிலையத்துக்குக் கிழக்கே ஒரு சந்தை முளைத்தது. சுற்றிலும் குண்டுவீச்சில் எரிந்துபோன வெட்டவெளி. அதன் நடுவே பல்புகளைக் கட்டித் தொங்கவிட்டு, 'வெளிச்சம் ஷின்ஜுகுவிலிருந்து' என்று எழுதி வைத்தார்கள். நடத்தியது தெரு வியாபாரிகளின் கூட்டம் ஒன்று. ரேஷனுக்கு வெளியே நடந்ததால் சட்டப்படி அது கள்ளச் சந்தை. ஆனால் ரேஷனில் கிடைத்ததை மட்டும் சாப்பிட்டு உயிர் பிழைக்க முடியாத காலம் அது. பானை, சட்டி, பழைய துணி, வேகவைத்த கிழங்கு, சாராயம் என எல்லாம் அங்கே கிடைத்தன.

இன்று ஷின்ஜுகுவில் இரவு பத்து மணிக்கு இறங்குகிறவர் பார்க்கும் வெளிச்சக் கடலுக்கு அந்தச் சில பல்புகள்தான் தொடக்கம் என்று எனக்குத் தோன்றும். டோக்கியோவின் மதுக்கூடங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் வியப்பது ஒரு விஷயத்தை. அவை ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கின்றன? எட்டுப் பேர் உட்கார்ந்தால் நிரம்பிவிடும் கடை, ஆறே நாற்காலி போட்ட கடை, கதவைத் திறந்தால் உள்ளே இருப்பவரின் முதுகில் இடிக்கும் கடை. ஜப்பானியருக்குச் சிறியதன் மேல் ஒரு மோகம், போன்சாய் மரம் வளர்ப்பது போல என்று சுலபமாக ஒரு காரணம் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. எரிந்த மண்ணும், ஒரு சட்டமும், கடைசி ரயிலும் சேர்ந்து உருவாக்கிய ஊர் அது. அந்த மூன்றையும் தெரிந்துகொண்டு போனால் அங்கே பார்ப்பதெல்லாம் வேறு மாதிரி விளங்கும்.

மூன்றரை சுபோ நிலம்

முதலில் மண். ரயில் நிலைய வாசல்களை அடைத்துக்கொண்டிருந்த சந்தைக் கடைகளை அகற்றும்படி 1949 வாக்கில் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் உத்தரவிட்டது. ஷின்ஜுகுவில் கடை போட்டிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ஹனாசோனோ கோவிலை ஒட்டிய காலி நிலம் கிடைத்தது. ஆளுக்கு மூன்றரை சுபோ, நான்கரை சுபோ என்று பிரித்துக்கொண்டார்கள். ஒரு சுபோ என்றால் இரண்டு தாதாமிப் பாய் விரிக்கிற இடம், அதாவது சுமார் 3.3 சதுர மீட்டர். நான்கரை சுபோ சேர்ந்தாலும் நம் வீட்டு முன்னறை அளவுதான். அதன் மேல் மரத்தில் இரண்டு மாடி எழுப்பி, ஏணி போல் செங்குத்தான படி வைத்தார்கள். அந்த இடம்தான் பிற்பாடு கோல்டன் காய் என்று பேர் எடுத்தது. இன்றைக்கும் ஆறு சந்துகளுக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட மதுக்கூடங்கள் அங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றின் அளவையும் தீர்மானித்தது அன்றைய பங்கீடுதான்.

தொடக்கத்தில் அங்கே நடந்த வியாபாரம் மது மட்டும் அல்ல. கீழே மது விற்று, மாடியில் பெண்களை வைத்து ரகசியமாகத் தொழில் நடந்தது. 1956-ல் விபசாரத் தடுப்புச் சட்டம் நிறைவேறி, 1958 ஏப்ரலில் அதன் தண்டனைப் பிரிவுகள் அமலுக்கு வந்ததும் அது நின்றது. மாடியறைகள் காலியாயின, வாடகை மலிந்தது. மலிவு வாடகை யாரை இழுக்குமோ அவர்கள் வந்தார்கள்: எழுத்தாளர்கள், நாடகக்காரர்கள், சினிமா உதவி இயக்குநர்கள், பத்திரிகையாளர்கள். ஒரு கடைக்கு நாவலாசிரியர்கள் போவார்கள், இன்னொரு கடைக்குப் புகைப்படக்காரர்கள் போவார்கள். கடை சின்னதாக இருந்ததால் ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் வந்தது. எட்டுப் பேருக்கான இடத்தில் எல்லாருக்கும் பிடித்த மாதிரி கடை நடத்த வேண்டிய அவசியமே இல்லையே. ஒரே ரசனை உள்ள முப்பது நாற்பது பேர் மாறி மாறி வந்தால் போதும். இன்றைக்கும் திகில் படங்களுக்கென்று ஒன்று, கனத்த ராக் இசைக்கென்று ஒன்று என அங்கே கடைகள் இருப்பதற்கு இதுதான் அடிப்படை.

1980-களில் டோக்கியோவின் நிலவிலை வானுக்கு ஏறியபோது, இந்த மரக்கட்டிடங்களை வாங்கி இடித்துக் கோபுரம் கட்டத் தரகர்கள் சுற்றினார்கள். அதைச் செய்ய முடியாமல் போனதற்கு ஒரு காரணம், நிலம் துண்டு துண்டாகப் பலர் பேரில் இருந்தது. ஒருவர் விற்க மறுத்தாலும் திட்டம் நிற்கும். மர்மமாகத் தீப்பிடித்த சம்பவங்கள் நடந்ததும், கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களும் முறை வைத்து இரவில் காவல் இருந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் நிலவிலைக் குமிழி உடைந்தது, கோல்டன் காய் தப்பியது. குடிக்க வந்த இடத்தைக் காப்பாற்றக் கண்விழித்துக் கிடந்தார்கள் பாருங்கள், அது அந்தச் சந்துகளைப் பற்றிய எந்தப் புகைப்படத்தையும்விட எனக்குப் பெரிய செய்தி.

நிலையத்தின் மேற்குப் பக்கத்திலும் இதே கதைதான், உணவு மட்டும் வேறு. ஓமோய்தே யோகோச்சோ, அதாவது 'நினைவுச் சந்து', இன்றும் புகைமூட்டமாக இருப்பது குடலும் ஈரலும் கரியில் வாட்டும் புகையால். அரிசியும் கோதுமை மாவும் கட்டுப்பாட்டில் இருந்த நாளில் கால்நடையின் உள்ளுறுப்புகளுக்குக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே கிடைத்ததைக் குச்சியில் கோர்த்தார்கள். பஞ்ச காலத்து உபாயம் ஒரு ஊரின் ருசியாக மாறிப்போனது. ஷிபுயாவில் ரயில் பாதையை ஒட்டிக் கிடக்கும் நொன்பெய் யோகோச்சோவும், 'குடிகாரர் சந்து' என்று பொருள், அதே வழியில் வந்ததுதான்.

அந்த ஐந்நூறு யென்

வெளியூர்க்காரருக்கு முதல் மனத்தாங்கல் இங்கேதான் வரும். கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊறுகாயோ அவித்த காயோ முன்னால் வைப்பார்கள். பில்லில் அதற்கு முந்நூறோ ஐந்நூறோ யென் ஏறியிருக்கும். அதற்கு ஓதோஷி என்று பேர். சில இடங்களில் தின்பண்டமே இல்லாமல் இருக்கைக் கட்டணம் என்று ஐந்நூறு, ஆயிரம் யென் வாங்குவார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று பலர் கோபப்படுவதுண்டு.

கடைக்காரரின் பக்கத்திலிருந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டே நாற்காலி. ஒருவர் ஒரு குவளை பீரை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் அந்த நாற்காலியின் அன்றைய வருமானம் அவ்வளவுதான். நூறு பேர் உட்காரும் கடையில் அது தெரியாது, எட்டில் ஒன்று என்றால் வலிக்கும். ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கமும் கிடையாது. ஆக அந்தச் சின்னக் கிண்ணம் என்பது உட்காரும் இடத்துக்கு நாம் கொடுக்கிற வாடகை. பல கடைகள் வாசலிலேயே கட்டணத்தை எழுதி ஒட்டியிருக்கும். படித்துவிட்டு நுழைந்தால் மனக்கசப்பு இல்லை. நாலைந்து பேராகக் கூட்டம் சேர்ந்து போகக் கூடாது, ஒரு பானம் தீர்ந்தால் இன்னொன்று சொல்ல வேண்டும், படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும் என்பதெல்லாம் இதே கணக்கிலிருந்து வந்த மரியாதைகள்.

இன்னொரு விஷயம் நம் ஊர்க்காரருக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். ஜப்பானில் கடையில் வைத்துக் குவளையில் ஊற்றிக் கொடுக்க மது உரிமம் தனியாக வேண்டியதில்லை. புட்டியாக விற்கத்தான் அது தேவை. உணவகம் நடத்த சுகாதார அலுவலகத்தின் அனுமதியும், உணவுச் சுகாதாரம் பற்றிய ஒரு நாள் பயிற்சி முடித்த ஒருவரும் இருந்தால் போதும். நள்ளிரவுக்கு மேல் மதுவை முக்கியமாக வைத்து நடத்துவதானால் காவல்துறையிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். லட்சக்கணக்கில் செலவழித்து உரிமம் வாங்க வேண்டிய ஊரில், போட்ட காசை எடுக்கப் பெரிய கடையாகத்தான் திறக்க முடியும். இங்கே அலுவலக வேலையை விட்ட ஒருவர் சேமிப்பை வைத்துத் தனியாளாகக் கடை திறக்கலாம், சமையலும் பரிமாறலும் கணக்கும் அவரே பார்க்கலாம்.

ஆடக் கூடாது என்ற ஊர்

அதே அரசு வேறொரு கையால் இறுக்கியும் வைத்திருந்தது. கேளிக்கைத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் ஃபூயேய்ஹோ என்ற சட்டம் 1948-ல் வந்தது. நடனக்கூடங்கள் விபசாரத்துக்கு மறைப்பாகும் என்ற பயத்தில், வாடிக்கையாளரை ஆடவிடும் கடைகளையும் அது பிடித்துக்கொண்டது. ஆட இடம் கொடுத்து நள்ளிரவுக்கு மேல் கடை நடத்தக் கூடாது. பல பத்தாண்டுகள் இதைக் கண்டும் காணாமல் விட்டிருந்தார்கள். 2010-ல் ஒசாகாவின் அமெரிக்காமுரா பகுதியில் ஒரு மாணவர் கைகலப்பில் இறந்ததும் சோதனைகள் தொடங்கின. 2012-ல் ஒசாகாவில் ஒரு கிளப் உரிமையாளர் கைதானார். நீதிமன்றம் அவரை விடுவித்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும் தீர்ப்பு மாறவில்லை. இதற்கிடையில் இசைக்காரர்களும் ரசிகர்களும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டினார்கள். 2015-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2016 ஜூனில் அமலுக்கு வந்தது. இப்போது அதற்கான உரிமமும் போதிய வெளிச்சமும் இருந்தால் விடிய விடிய ஆடலாம். அளவு பத்து லக்ஸ், இடைவேளையில் திரையரங்கில் இருக்கும் மங்கல் வெளிச்சம் போல.

இந்தச் சட்டத்தின் இன்னொரு பிள்ளைதான் 'ஸ்னாக்' எனப்படும் கடை. 1964 ஒலிம்பிக் நெருங்கிய சமயத்தில், நள்ளிரவுக்குப் பிறகு மதுவை மட்டும் விற்கும் கடைகளுக்குக் கெடுபிடி வந்தது. லேசான சாப்பாடும் சேர்த்துக் கொடுத்தால் உணவகம் என்ற கணக்கில் தொடரலாம் என்று கண்டுகொண்டார்கள். பேரும் அப்படியே நிலைத்தது. ஒரு கவுன்டர், சில நாற்காலிகள், ஒரு கரோக்கே பெட்டி, கவுன்டருக்குப் பின்னால் கடையை நடத்தும் பெண்மணி. அவரை 'மாமா' என்று அழைப்பார்கள். நம் காதுக்கு அது அம்மாவின் தம்பி, அங்கே அது அம்மாவேதான். வாடிக்கையாளர் முழுப் புட்டி விஸ்கியை வாங்கித் தன் பேர் எழுதி அலமாரியில் விட்டுப் போவார், அடுத்த முறை வந்து தொடர்வார். பாட்டில் கீப் என்று இதைச் சொல்கிறார்கள். ஓய்வு பெற்றவர்கள், தனியாக வாழ்கிறவர்கள், வீடு திரும்பும் வழியில் இரண்டு வார்த்தை பேச யாராவது வேண்டும் என்கிறவர்கள் அங்கே வருகிறார்கள். யார் மூன்று நாளாக வரவில்லை என்பது மாமாவுக்குத் தெரியும். நகரத்தின் பளபளப்பான படங்களில் இடம்பெறாத, ஆனால் எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றும் இடம் இது.

கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவது வரைதான் இந்த ஏற்பாடு. பக்கத்தில் வந்து உட்கார்ந்து உபசரித்தால் அது வேறு வகைத் தொழில், வேறு உரிமம், கடை மூடும் நேரமும் வேறு. ஒரு மரப்பலகையின் அகலம்தான் சட்டத்தின் எல்லைக்கோடு.

ஏணியும் கடைசி ரயிலும்

இனி ரயில். டோக்கியோவில் ரயில்கள் ஏறத்தாழ இரவு பன்னிரண்டரை, ஒரு மணியோடு நின்றுவிடும். காலை நாலரை, ஐந்துக்குத்தான் மறுபடி ஓடும். கார் வைத்திருந்தாலும் பயனில்லை. குடித்துவிட்டு ஓட்டினால் ஜப்பானில் தண்டனை கடுமை. 2007-க்குப் பிறகு, ஓட்டுவார் என்று தெரிந்தே மது கொடுத்தவர், கார் கொடுத்தவர், உடன் உட்கார்ந்து வந்தவர் வரை சட்டம் பிடிக்கும். ஆகவே இரவைப் பங்கு போடுவது ரயில் அட்டவணை. குடிக்கும் இடங்கள் நிலையங்களைச் சுற்றி ஈயாக மொய்ப்பதற்கும் இதுவே காரணம். யுராகுச்சோவில் ஜெர்மானியப் பொறியாளர்களின் யோசனையில் கட்டி 1910-ல் திறந்த செங்கல் மேம்பாலத்தின் வளைவுகளுக்குள்ளேயே கோழி வாட்டும் கடைகள் இருக்கின்றன. தலைக்கு மேல் ரயில் ஓடும்போது குவளை நடுங்கும்.

ஒரே கடையில் இரவு முழுக்க உட்காருவது அங்கே வழக்கமில்லை. கடை மாற்றிக் கடை போவார்கள். ஹஷிகோ-ஸாகே என்று பேர், ஏணிக்குடி என்று சொல்லலாம். ஒவ்வொரு படிக்கும் ஒரு வகைக் கடை. அலுவலகம் விட்டதும் முதல் படி இஸகாயா. சத்தமும் சாப்பாடுமான இடம். 'இப்போதைக்கு பீர்' என்று எல்லாரும் ஒரே குரலில் தொடங்குவார்கள். தன் குவளையில் தானே ஊற்றிக்கொள்ளாமல் பக்கத்தில் இருப்பவருக்கு ஊற்றுவார்கள், அவர் திருப்பி ஊற்றுவார்.

அலுவலகக்காரர்களின் ஊர் என்றால் ஷிம்பாஷி. நிலையத்தின் எதிரே பழைய நீராவி எஞ்சின் ஒன்றை நிறுத்தி வைத்திருப்பார்கள், அதன் கீழேதான் சந்திப்பு. இங்கேயும் போருக்குப் பிந்தைய சந்தை இருந்தது. 1971-ல் எழுந்த ஷின் ஷிம்பாஷி கட்டிடம் அந்த மண்ணின் மேல்தான் நிற்கிறது, அதன் அடித்தளத்தில் இன்றும் குட்டிக் கடைகள் நிறைய. அங்கே நின்றுகொண்டே குடிக்கும் தாச்சினோமி கடைகளில் ஹாப்பி கேட்டுப் பாருங்கள். பீர் எட்டாக்கனியாக இருந்த 1948-ல் வந்த பீர் வாசனைப் பானம் அது, போதை இல்லாத அளவுக்கு லேசானது. மலிவான ஷோச்சு சாராயத்தில் அதைக் கலந்து பீராகப் பாவித்துக்கொண்டார்கள். கலக்கும் பானத்துக்கு 'வெளியே' என்றும் சாராயத்துக்கு 'உள்ளே' என்றும் பேர். 'உள்ளே ஒன்று' என்று குரல் கொடுத்தால் சாராயம் மட்டும் இன்னொரு முறை வரும்.

இரண்டாவது, மூன்றாவது படியில் குரல் தணியும். கின்ஸாவின் பார்கள் இந்தப் படியைச் சேர்ந்தவை. வெள்ளைச் சட்டை போட்ட பார்டெண்டர் ஒரு பனிக்கட்டியைக் கத்தியால் உருண்டையாகச் செதுக்கி, விஸ்கியில் இறக்குவார். அவசரம் என்ற சொல்லே அவருக்குத் தெரியாதது போல் இருக்கும். 1928-ல் தொடங்கிய லுபான் என்ற பார் ஒரு சந்தில், படியிறங்கிப் போகும் நிலவறையில் இருக்கிறது. 1946-ல் எழுத்தாளர் ஓசாமு தாஸாய் அங்கே உயரமான நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த கோலத்தை ததாஹிகோ ஹயாஷி படம் பிடித்தார், ஜப்பானில் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த படம் அது.

இதில் விஸ்கியின் கதையும் கலந்திருக்கிறது. ஷின்ஜிரோ தோரீ 1923-ல் யமஸாகியில் ஜப்பானின் முதல் மால்ட் விஸ்கி ஆலையைத் தொடங்கினார். ஸ்காட்லாந்து போய்த் தொழில் கற்று வந்த மசதாகா தகெத்சுரு அதைக் கட்ட உதவினார். போருக்குப் பின் 1946-ல் தோரீயின் நிறுவனம் டோரிஸ் என்ற மலிவு விஸ்கியைக் கொண்டுவந்தது. 1950-களில் அதே பேரில் ஊரெங்கும் பார்கள் முளைத்தன, சம்பளக்காரர்கள் சோடா ஊற்றிய ஹைபாலைக் கையில் பிடித்தார்கள். இன்று இஸகாயாக்களில் ஹைபால் சாதாரணமாகப் புழங்குவது அந்தப் பழக்கத்தின் மறுபிறப்பு.

அசாகுசாவுக்குப் போனால் இதைவிடப் பழையது இருக்கிறது. 1880-ல் தொடங்கிய காமியா பார். அங்கே டென்கி ப்ரான் என்ற பானம். டென்கி என்றால் மின்சாரம். மின்சாரமே புதுமையாக இருந்த மேய்ஜி காலத்தில், புதியது எதற்கும் அந்தப் பேரை வைத்தார்கள். பிராந்தி, ஜின், திராட்சை மது, மூலிகைகள் சேர்ந்த அதன் கலவை விகிதத்தை இன்னும் வெளியே சொல்வதில்லை.

கடைசி ரயிலைத் தவறவிட்டவருக்கு இரவு வேறு முகம் காட்டும். கரோக்கே அறை, மாங்கா கஃபே, பெட்டி போன்ற கேப்சூல் ஹோட்டல், இல்லாவிட்டால் இன்னொரு கடை. முதல் ரயில் வரும்வரை உட்கார்ந்திருப்பார்கள். 2021 மார்ச்சில் கிழக்கு ஜப்பான் ரயில் நிறுவனம், இரவில் தண்டவாளப் பணிக்கு நேரம் வேண்டும் என்று, கடைசி ரயில்களை அரை மணி வரை முன்னே தள்ளியது. அந்த அரை மணி, பல கடைகளுக்கு ஏணியின் ஒரு படி.

வெளிச்சம் படாத பக்கம்

ஷின்ஜுகு நிச்சோமே பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. 1958 வரை சிவப்பு விளக்குப் பகுதியாக இருந்தது. அந்தத் தொழில் போனதும் காலியான அறைகளில் தன்பால் ஈர்ப்பாளர்களின் பார்கள் மெல்ல வந்தன. வெளியே யாரென்று சொல்ல முடியாதவர்களுக்கு, எட்டு நாற்காலிக் கடையில் எல்லாரையும் பேர் சொல்லி அழைக்கிற ஒரு 'மாஸ்டர்', அதாவது கடைக்காரர், இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நினைத்துப் பாருங்கள். இன்று சில தெருக்களுக்குள் நூற்றுக்கணக்கான கடைகள் அங்கே இருக்கின்றன. சின்ன அறை மனிதரைப் பாதுகாக்கவும் செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஆனால் சின்ன அறை மறைக்கவும் செய்யும். கபுகிச்சோ, கபுகி நாடக அரங்கம் ஒன்று வரும் என்று நம்பி 1948-ல் பேர் சூட்டப்பட்ட இடம், அரங்கம் வரவே இல்லை. அங்கே தெருவில் நின்று கூப்பிடும் ஆட்களின் பின்னால் போகக் கூடாது. மாடியில் உள்ள ஏதோ அறைக்கு அழைத்துப் போய், இரண்டு குவளைக்குப் பல்லாயிரம் யென் பில் நீட்டுவது பழைய தொழில். தெருவில் ஆள் பிடிப்பதே சட்டவிரோதம், ஒலிபெருக்கியில் எச்சரித்துக்கொண்டே இருப்பார்கள். அதைவிடக் கொடுமை, பெண் வாடிக்கையாளர்களை ஆண்கள் உட்கார்ந்து உபசரிக்கும் ஹோஸ்ட் கிளப்புகளில் நடந்தது. இளம்பெண்களிடம் காதல் நாடகமாடி, கடனில் விலையுயர்ந்த புட்டிகளை வாங்க வைத்து, அந்தக் கடனை அடைக்க அவர்களைப் பாலியல் தொழிலில் தள்ளினார்கள். தாய்மார்கள் வெளியே வந்து பேசிய பிறகு, 2025-ல் ஃபூயேய்ஹோ சட்டம் திருத்தப்பட்டு அந்த முறை தடை செய்யப்பட்டது. சந்துகளின் அழகை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

நாலு மீட்டர்

சரி, இந்தச் சந்துகள் எத்தனை நாள் இருக்கும்? டோக்கியோவின் கிழக்கே தாதேய்ஷியில், நிலையத்தின் வடக்குப் பக்கம் இருந்த குடிக்கடைச் சந்து 2023-ல் மறுகட்டுமானத்துக்காகக் காலி செய்யப்பட்டது. உயரக் கட்டிடங்களும் வட்டார அலுவலகமும் அங்கே வரப்போகின்றன. கடைக்காரர்களுக்கு வயதாகிவிட்டது, நிலநடுக்கமும் தீயும் உண்மையான ஆபத்துகள். கோல்டன் காயிலேயே 2016 ஏப்ரலில் தீப்பிடித்துச் சில கடைகள் எரிந்தன, நினைவுச் சந்தில் 1999-ல் எரிந்தன.

எரிந்தால் திரும்பக் கட்டுவதில்தான் சிக்கல். 1950-ல் வந்த கட்டுமானச் சட்டப்படி, புதிதாகக் கட்ட வேண்டுமானால் மனை பொதுவாக நாலு மீட்டர் அகலச் சாலையை ஒட்டியிருக்க வேண்டும். சந்துப் பாதையை நாலு மீட்டராக அகலப்படுத்தினால், மூன்றரை சுபோக் கடையில் என்ன மிஞ்சும்? ஒரு முறை எரிந்தால் சந்தே போய்விடும் என்ற பயம் அதனால்தான்.

ஒசாகாவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஹோஸென்ஜி யோகோச்சோ என்ற கல் பாவிய சந்து 2002-லும், மறுபடி 2003-லும் தீக்கிரையானது. விதிப்படி கட்டினால் சந்து அகன்று, இன்னொரு சாதாரணத் தெருவாகிவிடும். ஊர் மக்கள் கையெழுத்துத் திரட்டி நின்றார்கள். கடைசியில் மாநகராட்சி அந்தப் பகுதி முழுவதையும் ஒரே மனையாகப் பாவிக்க ஒப்புக்கொண்டது. அப்படியென்றால் நடுவில் போவது சாலை அல்ல, ஒரே மனைக்குள் இருக்கும் நடைவழி. நடைவழிக்கு நாலு மீட்டர் தேவையில்லை. கடைகள் தீத்தடுப்போடு மறுபடி எழுந்தன, பழைய குறுகலோடு சந்தும் மிஞ்சியது. மாலையானால் அங்கே கல்லில் தண்ணீர் தெளித்து விளக்கேற்றுகிறார்கள்.